வாடிக்கையாளர் பதிவேடும் கணக்கும் இணைய...

2002ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத் திருத்தத்தால், உழவர்களே பங்குதாரர்களாக இருந்து உற்பத்தியாளர் கம்பெனி தொடங்க வழி ஏற்பட்டது. 2020இல் பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. இக்கம்பெனிகள் பலவற்றில் இன்று விற்பனை கணிப்பொறி வழியே நடைபெறுகிறது. அதில் நேரும் ஒரு நட்டத்தைத் தவிர்க்கும் முறையை இங்குக் காண்போம்.

சரக்கு வாங்குவோரின் பெயர், தொலைபேசி எண், கேட்ட சரக்கு ஆகியவை வாடிக்கையாளர் தொடர்பு மென்பொருளில் பதியப்படுகின்றன. 1999இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், 2005இல் வெளிவந்த சோகோ சிஆர்எம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பில், வரவு, பாக்கி ஆகியவையோ டாலி போன்ற கணக்கு மென்பொருளில் இருக்கும். இரண்டும் தனித்தனியே இருந்தால் என்ன ஆகும்?

உதாரணமாக, ஒரு மஞ்சள் வியாபாரி ரூ.80,000 பாக்கி வைத்திருக்கிறார். விற்பனையாளர் பார்க்கும் திரையில் அது தெரியாது. மேலும் 20 மூட்டை கடனுக்குப் போய்விடும். பணம் வராவிட்டால் நட்டம் மஞ்சள் கொடுத்த உழவருக்கே.

இதற்கு இணைப்பு மென்பொருள் உதவும். மூன்று அங்குலக் குழாயையும் இரண்டரை அங்குலக் குழாயையும் பொருத்த இடையில் ரெடியூசர் வைக்கிறோம் அல்லவா? அதுபோல, ஒரு மென்பொருள் தரும் விவரத்தை மற்றது ஏற்கும் வடிவத்திற்கு மாற்றி அனுப்புவதே இதன் வேலை. விவரம் போய்வரும் வாசலை ஏபிஐ என்பர்.

கவனிக்க வேண்டியவை:

1. பெயரை வைத்து இணைக்கக் கூடாது. எழுத்து சற்று மாறினாலும் ஒரே வியாபாரிக்கு இரு கணக்குகள் உண்டாகும். 15 இடங்கள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணை அடையாளமாகக் கொள்ளலாம். அது இல்லாதவர்களுக்குக் கம்பெனியே ஓர் எண் தர வேண்டும்.

2. முகவரி விற்பனைப் பக்கத்திலிருந்தும், பாக்கி கணக்குப் பக்கத்திலிருந்தும் மட்டுமே வர வேண்டும். இரு பக்கமும் ஒரே விவரத்தைத் திருத்தினால் ஒன்றை மற்றது அழித்துவிடும்.

3. அலகு ஒன்றாக இருத்தல் அவசியம். ஒரு பக்கம் குவிண்டால், மறுபக்கம் கிலோ என்றிருந்தால் 5 குவிண்டாலுக்கு 5 கிலோவின் பில் வரும்.

4. இணையம் துண்டித்து மீண்டும் வரும்போது, அனுப்பிய ஆர்டரே திரும்பவும் போகலாம். ஆர்டர் எண்ணைச் சரிபார்த்து, இரண்டாம் முறை வந்ததைத் தள்ளும் வசதி வேண்டும்.

5. கணக்குக் கணிப்பொறி அணைந்திருந்தால் பதிவு சேராமல் போகலாம். சேராத பதிவுகளின் பட்டியலை நாள்தோறும் மாலையில் பார்க்க வேண்டும்.

6. இணைப்புக்கான கடவுச்சொல்லைப் பலரிடம் தரலாகாது. அதை அறிந்த ஊழியர் விலகினால் உடனே மாற்ற வேண்டும்.

விலைக்கு வாங்குமுன், கணக்கின் நகல் ஒன்றில் பழைய பில்கள் இருபதைச் செலுத்திப் பார்க்கவும். மொத்தத் தொகை பைசா பிசகாமல் ஒத்து வந்தால் மட்டுமே வாங்கலாம்.

நாளொன்றுக்கு நான்கைந்து பில்களே போடும் சிறு கம்பெனிக்கு இச்செலவு தேவையில்லை. சரக்கு அனுப்புமுன் பாக்கிப் பட்டியலைப் பார்க்கும் பழக்கமே போதும். எந்த முறையாயினும், "பாக்கி தெரிந்த பிறகுதான் சரக்கு ஏற்றுகிறீர்களா?" என்று பங்குதாரர்கள் பொதுக்கூட்டத்தில் கேட்டுத் தெளிவு பெறுதல் நன்று.