கடலோர வாழிடங்களின் தொலையுணர்வு

கடலோர வாழிடத் தொலையுணர்வு என்பது பவளப்பாறை, கடற்புல்வெளி, அலையாத்திக் காடு ஆகியவற்றைச் செய்மதிப் படங்களின் துணையுடன் வரைபடமாக்கிக் கண்காணிக்கும் முறை ஆகும். தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் இந்தியப் பவளப்பாறைகளைச் செய்மதிப் படங்களிலிருந்து வரைபடமாக்கியுள்ளது.

செயல்முறை

இலைகள் அண்மை அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாகத் தெறிப்பதால் அலையாத்திக் காடுகளை எளிதில் இனங்காணலாம். நீர் இக்கதிர்களை மேற்பரப்பிலேயே உறிஞ்சிவிடும். நீல, பச்சை ஒளியே ஆழத்துக்குச் செல்லும். எனவே தெளிந்த, ஆழங்குறைந்த நீரில் மட்டுமே பவளமும் கடற்புல்லும் படத்தில் புலப்படும்.

வரையறைகள்

ஆற்று வண்டலும் அலையும் நீரைக் கலக்கும்போது அடித்தளம் மறைந்துவிடும். கடற்புல்லும் கடற்பாசியும் படத்தில் ஒத்த நிறத்தில் தோன்றக்கூடும். ஆகவே முக்குளித்துச் செய்யும் நேரடி ஆய்வு இன்றியமையாதது.

பயன்கள்

கடல்நீர் மிகுதியாக வெப்பமடைந்தால் பவள உயிரிகள் தம்முள் வாழும் பாசிகளை இழந்து வெளிறுகின்றன. 2016 இல் மன்னார் வளைகுடாவில் இவ்வாறு வெளிறிய பவளங்களில் ஒரு பகுதி இறந்தது. செய்மதிகள் அளக்கும் மேற்பரப்பு வெப்பநிலையைக் கொண்டு ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளிறல் எச்சரிக்கை வெளியிடுகிறது. 2022 இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. கடற்பசுவின் உணவு கடற்புல்லே ஆதலால், புல்வெளி குறைவதை உரிய காலத்தில் அறிவது அவ்விலங்கின் பாதுகாப்புக்கு அடிப்படையாகும்.