கேமை உருவாக்கியவருக்கு என்ன மிச்சம்?

அடாரி நிறுவனம் வெளியிட்ட ‘அட்வெஞ்சர்’ என்ற பழைய வீடியோ கேமில் ஒரு புள்ளி இருக்கிறது. பின்னணி சாம்பல் நிறம், புள்ளியும் அதே சாம்பல் நிறம். அங்கே ஒன்று இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. தட்டுத்தடுமாறி அதைக் கண்டெடுத்து, குறிப்பிட்ட ஒரு சுவரருகே கொண்டுபோனால் சுவர் வழிவிடும். உள்ளே ஓர் அறை. அதன் நடுவில் மேலிருந்து கீழாக, நிறம் மாறி மாறி மின்னும் எழுத்துகள்: ‘உருவாக்கியவர் வாரன் ராபினெட்.’

அந்த கேமை ஒற்றை ஆளாக உருவாக்கியவர் ராபினெட். கேம்களை உருவாக்குகிறவர்களின் பெயரை அடாரி அந்நாளில் பெட்டியில் போடாது, திரையிலும் போடாது. அதனால் தன் பெயரைத் தன் படைப்புக்குள்ளேயே ஒளித்துவைத்துவிட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் வேலையை விட்டுப் போனார். விளையாடிய ஒரு சிறுவன் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிய பிறகே விஷயம் வெளியே வந்தது.

கேம்களை உருவாக்கும் டெவலப்பர்களுக்கும், பணம் போட்டு விற்கும் பப்ளிஷர்களுக்கும் இடையே பிறகு எத்தனையோ வழக்குகள் வந்துவிட்டன. தொகை கோடிகளில் போய் நிற்கிறது. சண்டையின் வேர் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது: உழைத்தவனுக்குப் பெயர் உண்டா, பங்கு உண்டா?

நான்கு பேரின் கணக்கு

அதே அடாரியில் டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் ஒயிட்ஹெட், லாரி கப்லான் என நான்கு புரோகிராமர்கள் இருந்தார்கள். எந்த கேம் எவ்வளவு விற்றது என்று விற்பனைப் பிரிவு ஒருநாள் ஒரு பட்டியலைச் சுற்றுக்கு விட்டது. நன்றாக விற்பதைப் போல இன்னும் செய்யுங்கள் என்பதே அதன் நோக்கம். நால்வரும் கூட்டிப் பார்த்தார்கள். முந்தைய ஆண்டில் விற்ற சுமார் 10 கோடி டாலர் சரக்கில் ஏறத்தாழ 6 கோடி டாலர் தங்கள் நால்வர் கேம்களிலிருந்தே வந்திருந்தது. அவர்கள் வாங்கியதோ மாதச் சம்பளம் மட்டும்.

பெயரும் சிறு பங்கும் கேட்டுத் தலைமை நிர்வாகி ரே கஸ்ஸாரிடம் போனார்கள். கேம் விற்பதில் உங்கள் பங்கு, தொழிற்சாலையில் அதைப் பெட்டிக்குள் பொருத்துகிறவரின் பங்கைவிடப் பெரியதல்ல என்று அவர் பதில் சொன்னதாக கிரேன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1979-இல் அவர்கள் வெளியேறி ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தொழில் ரகசியங்களைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அடாரி வழக்குப் போட்டது. 1982-இல் சமரசம் ஏற்பட்டது. அதே ஆண்டு வந்த கிரேனின் ‘பிட்ஃபால்’ கேமில் அவர் பெயர் ஊரறிய அச்சாகியிருந்தது. படைப்பாளியின் மானத்துக்காகவே பிறந்த கம்பெனி என்று ஆக்டிவிஷனைத் தாராளமாகச் சொல்லலாம்.

அதே பெயர் கொண்ட நிறுவனம் 30 ஆண்டுகள் கழித்துக் கோர்ட்டில் எதிர்வரிசையில் நின்றது என்பதுதான் மனதைப் பிசைகிறது.

கையெழுத்தும் கணக்கும்

அந்தக் கதைக்குப் போகும் முன், இந்தத் தொழிலில் பணம் எப்படிப் புரள்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு பெரிய கேமுக்கு 2, 3 ஆண்டு உழைப்பு வேண்டும். அதுவரை சம்பளம் கொடுக்க ஸ்டுடியோவிடம் பணம் இருக்காது. பப்ளிஷர் அட்வான்ஸ் தருவார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு தவணை வரும். விற்ற பிறகு ராயல்டி.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. அட்வான்ஸ் 1 கோடி டாலர், டெவலப்பரின் ராயல்டி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த அட்வான்ஸை டெவலப்பரின் அந்த 20 சதவீதத்திலிருந்தே பப்ளிஷர் பிடித்துக்கொள்வது வழக்கம். அப்படியென்றால் வரவு 5 கோடி டாலரைத் தாண்டினால்தான் டெவலப்பர் கையில் முதல் ராயல்டி விழும். அதற்குள் பப்ளிஷர் பக்கம் 4 கோடி சேர்ந்திருக்கும். விளம்பரமும் நஷ்ட அபாயமும் பப்ளிஷருடையவை என்பதால் இந்த ஏற்பாட்டையே அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கேமின் உரிமையும் பப்ளிஷருக்கே போய்விட்டால், ஸ்டுடியோ தன் வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருக்கும் நிலைக்கு வந்துவிடும்.

ஜன்னல் இல்லாத அறை

2002-இல் 22 பேர் சேர்ந்து தொடங்கிய ஸ்டுடியோ இன்ஃபினிட்டி வார்ட். முன்னணியில் இருந்தவர்கள் ஜேசன் வெஸ்ட், வின்ஸ் ஜாம்பெல்லா. முதல் படைப்பு ‘கால் ஆஃப் டியூட்டி’ 2003-இல் வந்தது. ஸ்டுடியோவை ஆக்டிவிஷன் முழுவதுமாக வாங்கியது. அதே தொடரில் 2007-இல் வந்த ‘மாடர்ன் வார்ஃபேர்’ அதன் புகழை எங்கோ கொண்டுபோயிற்று. அதன் அடுத்த பாகத்தைச் செய்து தரச் சொல்லி 2008-இல் ஆக்டிவிஷன் இருவருடனும் ஓர் ஒப்பந்தம் போட்டது. அதில் ஒரு டெவலப்பர் கனவிலும் எதிர்பார்க்காத அதிகாரம் இருந்தது. ‘மாடர்ன் வார்ஃபேர்’ பெயரில் அவர்களின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் எந்த கேமும் வரக்கூடாது.

கூடவே இன்னொரு ஷரத்தும் இருந்தது. அவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டால் அந்த அதிகாரம் முழுவதும் ஆக்டிவிஷனுக்குத் திரும்பிவிடும்.

2009 நவம்பர் 10 அன்று ‘மாடர்ன் வார்ஃபேர் 2’ வெளியானது. வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மட்டும் முதல் நாளில் 47 லட்சம் பிரதிகள் விற்று, 31 கோடி டாலர் வந்தது. 2010 ஜனவரியில் உலக விற்பனை 100 கோடி டாலரைத் தாண்டியது. அடுத்த இரண்டே மாதத்தில், மார்ச் 1 அன்று, இருவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெரிய ராயல்டித் தொகை கைக்கு வரச் சில வாரங்களே இருந்தன. ஜன்னல் இல்லாத அறையில் மணிக்கணக்கில் உட்காரவைத்துத் தங்களைக் குடைந்தார்கள் என்று இருவரும் வழக்கு மனுவில் சொன்னார்கள். மார்ச் 3 அன்று 3.6 கோடி டாலரும், அந்தத் தொடரின் மீது தங்களுக்கிருந்த அதிகாரமும் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள்.

ஆக்டிவிஷன் எதிர்வழக்குப் போட்டது. எங்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே போட்டி நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸுடன் ரகசியமாகப் பேரம் பேசினார்கள், தனி விமானத்தில் போய்ச் சந்தித்தார்கள் என்றது. அந்தப் போட்டி நிறுவனத்தையும் வழக்கில் இழுத்து 40 கோடி டாலர் கேட்டது. பிறகு விசாரணையில் இன்னொன்று கிளம்பியது. நீக்குவதற்கு முந்தைய ஆண்டே இருவரின் கம்ப்யூட்டர்களையும் துழாவி ஏதாவது தோண்டியெடுக்கச் சொன்னார்கள் என்று ஆக்டிவிஷனின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த முன்னாள் அதிகாரி சாட்சி சொன்னார். பூச்சிமருந்து அடிப்பதாக நாடகமாடி ஆபீஸைக் காலிசெய்யலாமா என்றுகூட யோசனை போனதாம்.

மொத்தச் சண்டையிலும் என்னை அதிகம் உறுத்துவது பெயர் தெரியாத ஊழியர்களின் நிலை. அவர்களில் 38 பேர் தனியாக வழக்குப் போட்டார்கள். உழைத்துச் சம்பாதித்த போனஸைத் தராமல் பிடித்துவைத்து, அடுத்த பாகத்தையும் முடித்துத் தரும்படி எங்களைக் கட்டிப்போடுகிறார்கள் என்பது அவர்கள் புகார். இரவு பகல் பாராமல் கேமுக்கு உயிர் கொடுத்தவர்கள், தங்கள் கூலிக்கு இரண்டு ஆண்டு கோர்ட் வாசலில் நின்றார்கள். 2012 மே மாதம், விசாரணை நெருங்கிய நேரத்தில் ஆக்டிவிஷன் அவர்களுக்கு 4.2 கோடி டாலர் கொடுத்தது. மே 31 அன்று வெஸ்ட், ஜாம்பெல்லாவுடனும் சமரசம் முடிந்தது. அதன் விவரங்கள் வெளியிடப்படவில்லை.

ஒரே ஒரு மதிப்பெண்

கோர்ட்டுக்குப் போகாமலே கசந்த கதைகளும் உண்டு. ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ கேமை பப்ளிஷரான பெதஸ்டாவுக்காக அப்ஸிடியன் ஸ்டுடியோ செய்து கொடுத்தது. ராயல்டி கிடையாது. விமர்சகர்களின் மதிப்பெண்ணைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 வந்தால் மட்டும் போனஸ். வந்தது 84. ஒப்பந்தப்படி எல்லாம் சரிதான். ஆனாலும் முகம் தெரியாத யாரோ போடும் மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கான நாள் உழைப்பின் வெகுமதியைத் தொங்கவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளின் மொபைலில் ஓடும் பிஜிஎம்ஐ கேமின் உரிமையாளரான கொரிய நிறுவனம் கிராஃப்டனோ இப்படி இலக்கோடு கட்டிய ஒரு தொகைக்காக வழக்கிலேயே சிக்கியது. ‘சப்நாட்டிகா’ கேமைச் செய்த அன்நோன் வேர்ல்ட்ஸ் ஸ்டுடியோவை 2021-இல் அது 50 கோடி டாலருக்கு வாங்கியது. வருமான இலக்கை எட்டினால் மேலும் 25 கோடி டாலர் வரை தருவதாகவும் ஒப்புக்கொண்டது. 2025 ஜூலையில் ஸ்டுடியோவின் தலைவர்கள் மூவர் நீக்கப்பட்டார்கள். ‘சப்நாட்டிகா 2’ வெளியீடு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. அந்த 25 கோடியைத் தவிர்க்கவே இது என்று அவர்களும், பொறுப்பைக் கைவிட்டதால்தான் நீக்கினோம் என்று நிறுவனமும் சொல்ல, வழக்கு அமெரிக்காவின் டெலவேர் நீதிமன்றம் ஏறியது.

எல்லா வழக்கிலும் நியாயம் டெவலப்பர் பக்கம் என்று வாதாட நான் வரவில்லை. கனடாவின் சிலிக்கான் நைட்ஸ் ஸ்டுடியோ, எபிக் கேம்ஸ் கொடுத்த ‘அன்ரியல் என்ஜின்’ என்ற கேம் உருவாக்கும் மென்பொருள் சரியில்லை என்று 2007-இல் வழக்குப் போட்டது. விசாரணையில் அந்த ஸ்டுடியோவே எபிக்கின் மென்பொருள் நிரலை எடுத்துப் பயன்படுத்தியது நிரூபணமானது. 2012-இல் தீர்ப்பு அதற்கு எதிராக வந்தது. அந்த நிரலை வைத்துச் செய்த கேம்களின் விற்காமல் கிடந்த பிரதிகளை அழிக்கவும் கோர்ட் உத்தரவிட்டது. அந்த அடியிலிருந்து ஸ்டுடியோ எழுந்திருக்கவே இல்லை.

கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்

நம் நாட்டுச் சட்டமும் இதில் பெரிதாக வேறுபட்டதல்ல. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவின்படி, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளியே. சென்னையிலோ கோவையிலோ ஒரு கேம் ஸ்டுடியோவில் சேரும் இளைஞர் ஆர்டரை வாங்கிய சந்தோஷத்தில் போடும் கையெழுத்து, அவர் இனி வரையப்போகும் ஒவ்வொரு கதாபாத்திரத்தையும் எழுதிக் கொடுத்துவிடுகிறது. சம்பளம் எழுதியிருக்கும் பக்கத்தைப் பார்ப்பவர்கள், வேலையை விட்டு அனுப்பினால் என்ன ஆகும் என்ற பக்கத்தையும் படிக்க வேண்டும். வெஸ்ட், ஜாம்பெல்லா கையில் இருந்த அத்தனை பெரிய அதிகாரம் அந்த ஒற்றை வரியில்தான் கரைந்து போனது.

அவர்கள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. நீக்கப்பட்ட அடுத்த மாதமே ரெஸ்பான் என்ற புதிய ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். பழைய சகாக்கள் பலர் பின்னாலேயே வந்தார்கள். பப்ளிஷராக எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸைப் பிடித்தபோது விற்கும் உரிமையை மட்டும் கொடுத்து, படைப்பின் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். வெஸ்ட் 2013-இல் விலகிக்கொண்டார். 2014-இல் ‘டைட்டன்ஃபால்’ வந்தபோது அதன் சொந்தக்காரர் ரெஸ்பான். 2017-இல் ரெஸ்பானை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் விலைக்கு வாங்கியது. இந்த முறை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விலை பேச ஸ்டுடியோவிடம் சொந்தமாக ஒரு பொருள் இருந்தது. சாம்பல் புள்ளிக்குள் பெயரை ஒளித்துவைக்க வேண்டிய நிலை அதை உருவாக்கியவர்களுக்கு இல்லை.