பவுடராக கொட்டிய அணுகுண்டு சாம்பல்: 70 வருஷம் ஆகியும் ஊர் திரும்ப முடியாத தீவு மக்கள்

அணுகுண்டு வெடித்தால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் ஆபத்து, தூரத்தில் இருந்தால் தப்பித்து விடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 160 கிலோ மீட்டர் தள்ளி இருந்த ஒரு தீவு மக்களை, ஒரே ஒரு குண்டு பல வருஷம் துரத்தி துரத்தி அடித்திருக்கிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

பசிபிக் பெருங்கடலில் உள்ள மார்ஷல் தீவுகளில் ஒன்று பிகினி. இங்கு வசித்த 167 பேரை 1946ல் வேறு தீவுக்கு அனுப்பி விட்டு அமெரிக்கா அணுகுண்டு சோதனையை தொடங்கியது. 1958 வரை மார்ஷல் தீவுகளில் மொத்தம் 67 குண்டுகள் வெடிக்கப்பட்டன.

அதில் பெரியது 1954 மார்ச் 1ந்தேதி விடியற்காலை வெடித்த 'பிராவோ' ஹைட்ரஜன் குண்டு. விஞ்ஞானிகள் போட்ட கணக்கை விட இரண்டரை மடங்கு பலமாக வெடித்தது. ஹிரோஷிமா குண்டை போல சுமார் ஆயிரம் மடங்கு. பவளப்பாறை தூள் தூளாகி ஆகாயத்துக்கு போய், காற்று அடித்த திசையெல்லாம் வெள்ளை சாம்பலாக கொட்டியது.

மீன் பிடிக்க போனவர்கள் கதி

அந்த நேரம் ஜப்பானை சேர்ந்த 'லக்கி டிராகன்' படகில் 23 மீனவர்கள் சூரை மீன் பிடித்துக் கொண்டிருந்தனர். தடை செய்யப்பட்ட பகுதிக்கு வெளியேதான் நின்றார்கள். சில மணி நேரத்தில் தலை, முகம், வலை சாமான் எல்லாம் சாம்பல். என்ன ஏது என்று தெரியாமலே வேலையை முடித்தார்கள். அப்புறம் வாந்தி, தோல் கொப்புளம், முடி கொட்டல். 2 வாரத்தில் கரை சேர்ந்த அத்தனை பேரும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். ரேடியோ ஆபரேட்டர் அய்கிச்சி குபோயாமா (வயது 40) செப்டம்பர் 23ந்தேதி இறந்தார்.

அந்த வருஷம் மட்டும் 850க்கும் மேற்பட்ட படகுகளின் மீனில் கதிர்வீச்சு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 450 டன்னுக்கு மேல் சூரை மீன் அழிக்கப்பட்டது. மக்கள் மீன் வாங்கவே பயந்ததால் மார்க்கெட்டே படுத்து விட்டது.

சாம்பலில் விளையாடிய குழந்தைகள்

ராங்கலாப் தீவில் நிலைமை இன்னும் மோசம். சாம்பல் என்று தெரியாமல் குழந்தைகள் அதில் விளையாடினார்கள். குடிதண்ணீரிலும் சாம்பல் விழுந்தது. பக்கத்து தீவில் இருந்த அமெரிக்க ராணுவத்தினரை மறுநாளே அழைத்து போய் விட்டார்கள். இவர்களை ஏற்ற கப்பல் வந்தது அதற்கும் பிறகு, மார்ச் 3ந்தேதிதான்.

1957ல் "இனி பயமில்லை" என்று சொல்லி மறுபடி ஊரில் கொண்டு போய் விட்டார்கள். நம்பி போனார்கள். சில வருஷத்தில் கழுத்தில் தைராய்டு கட்டிகள் வர ஆரம்பித்தன. குண்டு வெடித்தபோது 10 வயதுக்குள் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இந்த கதிதான். எலும்பே இல்லாமல் ஜெல்லி மீன் மாதிரி குழந்தைகள் இறந்து பிறந்ததாக அந்த தீவு பெண்கள் சாட்சி சொல்லி இருக்கிறார்கள். கடைசியில் 1985ல் 300க்கும் மேற்பட்டோர், கிரீன்பீஸ் அமைப்பின் கப்பலில் ஊரை காலி செய்தார்கள்.

உடம்பு எப்படி ஏமாறுகிறது?

சாம்பலில் வரும் கதிரியக்க அயோடினை, நல்ல அயோடின் என்று நினைத்து தைராய்டு சுரப்பி இழுத்துக் கொள்கிறது. ஸ்ட்ரான்சியத்தை சுண்ணாம்பு சத்து என்று நம்பி எலும்பு சேர்த்துக் கொள்கிறது. சீசியம் பொட்டாசியம் மாதிரி. பவள மண்ணில் பொட்டாசியம் குறைவு என்பதால் தென்னை மரம் சீசியத்தை உறிஞ்சி தேங்காயில் ஏற்றி விடுகிறது. அயோடின் 8 நாளில் பாதியாக குறையும். சீசியம் பாதியாக 30 வருஷம் ஆகும்.

1970களில் பிகினிக்கு திரும்பிய குடும்பங்களை 1978ல் மறுபடி வெளியேற்றியதும் இதனால்தான். மரத்தில் தேங்காய் தொங்குகிறது, சாப்பிட முடியாது.

கடல் பிழைத்ததா?

கடல் தண்ணீர் விஷத்தை கரைத்து பரப்பி விடுவதால், கடல் ஓரளவு தேறி விட்டது. குண்டு தோண்டிய பெரும் பள்ளத்திலேயே பவளம் திரும்ப வளர்ந்திருக்கிறது. ஆனால் முன்பு இருந்த பவள வகைகளில் 28 காணவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் 2008ல் தெரிவித்தனர். பிகினியின் கடலடி சேற்றில் புளூட்டோனியம் இன்னும் கிடக்கிறது. எனிவெட்டாக் தீவில் பிடித்த ஆமையின் ஓட்டில் அணு சோதனையின் தடயம் பதிந்திருந்தது 2023ல் தெரிய வந்தது. பசிபிக் கடலின் படு ஆழத்தில் வாழும் இறால் போன்ற பூச்சிகளின் உடம்பில் கூட அணுகுண்டு கால கார்பன் இருப்பதை 2019ல் கண்டுபிடித்தார்கள்.

எனிவெட்டாக்கின் ரூனிட் தீவில் 1977-80ல் கதிரியக்க மண்ணை வெடிப்பு பள்ளத்தில் கொட்டி, கான்கிரீட் மூடி போட்டு வைத்திருக்கிறார்கள். அடியில் தளம் கிடையாது. கடல் தண்ணீர் உள்ளே போய் வருகிறது. அதிலுள்ள புளூட்டோனியம் பாதியாக குறைய 24 ஆயிரம் வருஷம் ஆகும்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு 200 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று இதற்கென அமைத்த தீர்ப்பாயம் சொன்னது. ஆனால் அமெரிக்கா ஒதுக்கிய நிதி 15 கோடி டாலர்தான். அது தீர்ந்து போனதால் தீர்ப்பு சொன்ன தொகையில் பெரும்பகுதி கைக்கு வரவில்லை. பணம் வராமலே பலர் இறந்து விட்டார்கள். மார்ஷல் தீவுகளில் மார்ச் 1ந்தேதி இன்றும் அவர்களுக்கான நினைவு நாள்.