பழச்சாற்றைப் பழுதுறாமற் பேணுதல்

காய்க்குங் காலத்திற் கொடித்தோடையும் தேசிக்காயும் அன்னாசியும் ஒருங்கே பழுத்துவிடுகின்றன. உண்டது போக எஞ்சியவை வீணே அழுகிப் போகின்றன. அவற்றைச் சாறாக்கிப் பேணினால், குடும்பத்தினர்க்கு உயிர்ச்சத்து சி கொண்ட நல்ல பானங் கிடைக்கும். ஆயினும், காலையிற் பிழிந்த சாற்றை வெளியே வைத்துவிடின் அது மறுநாளே நுரைத்துப் புளிக்கக் காண்கின்றோம். இதன் காரணத்தையும், இதனைத் தடுக்கும் வழிகளையும் கீழே காண்க.

சாறு பழுதடைவதேன்?

பழத்தோலில் மதுவம், பூஞ்சணம், பற்றீரியா ஆகிய நுண்ணங்கிகள் உள்ளன. பிழியும்போது இவை சாற்றிற் கலந்து, அதிலுள்ள வெல்லத்தை உண்டு பெருகுகின்றன. மதுவம் வெல்லத்தை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகின்றது. இறுக மூடிய போத்தல் சில வேளைகளில் வெடிப்பது இவ்வாயுவினாலேயே. பழத்திலுள்ள நொதியங்களும் காற்றிலுள்ள ஒட்சிசனும் நிறம், மணம், உயிர்ச்சத்து ஆகியவற்றைக் கெடுக்கின்றன.

புளிப்புள்ள சாறும் புளிப்பற்ற சாறும்

தேசி, கொடித்தோடை, தோடை, அன்னாசி ஆகியவற்றின் சாறு புளிப்பு மிக்கது. பப்பாசி, வத்தகப்பழம், கரட் ஆகியவற்றின் சாறு புளிப்புக் குறைந்தது, அதன் பீ.எச். பெறுமானம் 4.6 இற்கு மேற்பட்டது. இத்தகைய சாற்றிற் கொடிய நஞ்சை உண்டாக்கும் ஒருவகைப் பற்றீரியா வளரக்கூடும். அதன் வித்திகள் கொதிநீரின் வெப்பத்திலும் சாவதில்லை. 2006 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும், குளிரில் வைக்கப்படாத போத்தற் கரட்சாற்றை அருந்திய சிலர் இந்நஞ்சினாற் பக்கவாதமுற்றனர். எனவே புளிப்பற்ற சாற்றை வீட்டிற் போத்தலில் அடைத்து வைத்தல் ஆகாது. பிழிந்த அன்றே அருந்திவிடுக.

பிழியும் முறை

1. அழுகாத, நன்கு முற்றிய பழங்களைத் தெரிந்து, ஓடும் நீரிற் கழுவுக. கைகளையுஞ் சவர்க்காரமிட்டுக் கழுவுக.
2. கறையில் உருக்கு, கண்ணாடி, எனாமல் பூசிய பாத்திரங்களையே கையாளுக. செம்பு, பித்தளை, இரும்பு ஆகியவற்றைப் புளிப்பு அரிக்கும்.
3. தேசியின் தோலையும் விதையையும் நசுக்காது பிழிக; நசுங்கினாற் சாறு கசக்கும்.
4. கொதிநீரில் அவித்த மெல்லிய துணியால் வடிக்க. நீர் கலப்பதாயின் கொதித்தாறிய நீரையே கலக்க.

குளிரிற் பேணல்

சாற்றைச் சிறு போத்தல்களிற் கழுத்துவரை நிரப்பி, உடனே குளிர்சாதனப் பெட்டியில் 5 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பநிலையில் வைக்க. குளிர் நுண்ணங்கிகளைக் கொல்வதில்லை. வளர்ச்சியைத் தாமதப்படுத்துவதே அதன் பயன். ஆதலால் இச்சாற்றை 2 அல்லது 3 நாட்களுள் அருந்துக.

சில மாதங்கள் வைக்க விரும்பின் சாற்றை உறையச் செய்க. உறையும்போது சாறு விரியுமாதலால், பாத்திரத்திற் பத்திலொரு பங்குக்குக் குறையாத இடம் விடுக. தேசிச்சாறு சூட்டினால் மணமிழக்கும். அதனைப் பனிக்கட்டித் தட்டில் உறையவிட்டு, வேண்டியபோது ஒவ்வொரு கட்டியாக எடுத்தல் நன்று.

சூடாக்கி அடைத்தல்

குளிர்சாதனப் பெட்டியில்லாத இல்லங்களுக்கு இம்முறை உகந்தது. புளிப்புச் சாற்றுக்கு மட்டுமே இதனைக் கையாளுக.

போத்தல்களையும் மூடிகளையும் நீரில் அமிழ்த்தி, அடியில் துணி விரித்து, 10 நிமிடங் கொதிக்க வைக்க. சாற்றுப் பாத்திரத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்துக் கிளறி, சாற்றை 85 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, சில நிமிடங்கள் அச்சூட்டில் வைத்திருக்க. சூடான போத்தலிற் சூடான சாற்றை நிரப்பி, உடனே மூடி, 3 நிமிடம் படுக்கையாக வைக்க. மூடியின் உட்புறமும் அச்சூட்டினால் தூய்மையாகும். ஆறியபின் நாளைக் குறித்து ஒட்டி, இருளான குளிர்ந்த இடத்தில் வைத்துச் சில வாரங்களுட் பயன்படுத்துக. திறந்தபின் மூடி வைத்து மறுநாளுக்கென விடாது, அன்றே அருந்துக. இதற்காகவே சிறு போத்தல்கள் சிறந்தன.

எச்சரிக்கை

நுரை, மதுமணம், பூஞ்சணம், உப்பிய மூடி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் சாற்றைக் கொட்டிவிடுக. பூஞ்சணத்தை அகற்றிவிட்டு எஞ்சியதை அருந்தலாகாது. சூடாக்காத சாற்றிலுள்ள கிருமிகள் குழந்தைகள், கருவுற்ற தாய்மார், முதியோர் ஆகியோரை எளிதில் தாக்குமாதலால், அவர்களுக்குச் சூடாக்கி அடைத்ததையே கொடுத்தல் நன்று.