கடல் கடந்தும் அதே எண்

மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாரும் தாயொருத்தி, சிங்கப்பூர் சென்றுள்ள மகனை அவனது பழைய பத்து இலக்க எண்ணிலேயே அழைக்கிறாள் எனக் கொள்வோம். அங்கே மணி ஒலிக்கிறது. எவ்வாறு?

மகன் அங்கு இறங்கிக் கைப்பேசியை இயக்கியதும், அதிலுள்ள சிம் அட்டை தன் நிறுவனம் இன்னதென அந்நாட்டுக் கோபுரத்துக்கு அறிவிக்கிறது. ரோமிங் வசதி பெற்றிருப்பின், இந்திய நிறுவனத்தின் பதிவேட்டில் அவன் புதிய இடம் குறிக்கப்படுகிறது. தாயின் அழைப்பு முதலில் இப்பதிவேட்டை நாடி, பின்னரே கடல் தாண்டுகிறது. அவளுக்கு உள்நாட்டுக் கட்டணமே. கடல் தாண்டும் செலவு மகனுடையது. அழைப்பை ஏற்பவன் பணம் கட்டுவதா என்பீர்கள். அவன் எந்நாட்டில் உள்ளான் என்றறியாது அழைப்பவரிடம் அதனை வாங்குவது இன்னும் அநியாயமன்றோ?

ஆகவே நெடுநாள் தங்குவோர் அந்நாட்டுச் சிம் ஒன்றை வாங்கிக்கொள்கின்றனர். எனினும் இந்திய எண்ணைக் கைவிடலாகாது. ஊர் வங்கிக் கணக்கின் ஒருமுறைக் கடவு எண் பொதுவாக அதற்கே வருகிறது. முன்பணம் செலுத்தும் எண்ணைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாவிடில் அது முடக்கப்படலாம். பின்னர் முன்பின் அறியாத வேறொருவர் கைக்கும் போய்ச்சேரலாம். இரண்டு சிம் ஏற்கும் கைப்பேசியில் பழைய எண்ணை உயிரோடு வைத்து, அதன் இணையத் தொடர்பை மட்டும் நிறுத்திவிடலாம்.