மாமன் கொண்டுவர வேண்டிய இன்னொரு சீர்

சின்னாளப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர்த்தட்டுகள் மேளத்தோடு உள்ளே போகின்றன. மேடையில் கழுத்து நிறைய மாலையோடு ஏழாம் வகுப்புப் பிள்ளை. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் காதோரம் கேட்டாள்: "அத்தே, இது மாசாமாசம் வருமா?"

சுற்றிலும் அத்தனை உறவுக்காரர்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் அதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று நம் வீடுகள் காட்டும் அக்கறை பெரிது. விளக்கம் அதற்கும் முந்தியே வந்திருக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள் உடல் மாறத் தொடங்குகிறது. மார்பு வளர ஆரம்பித்துச் சுமார் இரண்டு ஆண்டு கழித்தே முதல் மாதவிலக்கு. அந்த இடைவெளிதான் அம்மாவுக்கு உள்ள அவகாசம். வேடசந்தூர் மில்லுக்கு ஷிப்டு போகிற அம்மாவும் தலை பின்னிவிடும் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம்: "முதல் ஓரிரு வருஷம் நாள் முன்னபின்ன ஆகும், பயப்படாதே. வலி தாங்க முடியலைன்னா மறைக்காமச் சொல்லு, டாக்டர்கிட்ட போவோம்."

அரசும் கைகொடுக்கிறது. 2011-ல் அறிவிக்கப்பட்ட 'புதுயுகம்' திட்டம், 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு இலவச நாப்கின் தருவதற்காக வந்தது. இந்தச் சின்னாளப்பட்டியை ஒட்டித்தான் 1947-ல் டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரன் காந்திகிராமத்தைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களுக்கு மருத்துவம் கிடைக்கச் செய்தார். அந்த மண்ணில் ஒரு பிள்ளை தன் உடம்பைக் கண்டு பயந்து நிற்கக் கூடாது.

மண்டபத்து வாசலில் அவளுடைய அண்ணன் நின்றிருந்தான், ஒன்பதாம் வகுப்பு. வாயைத் திறந்தால் குரல் உடைகிறது. "தகரக் குரல்" என்று பெரியவர்களே சிரிக்கிறார்கள். பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் மாற்றம் தொடங்கும். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயல்ல. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மார்பு லேசாக வீங்கும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானே வடிந்துவிடும். இதை வீட்டில் யாரும் சொல்லாததால்தான், லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் போலி வைத்தியர்களிடம் நம் பிள்ளைகள் பணத்தையும் நிம்மதியையும் தொலைக்கிறார்கள்.

அவளிடம் சொன்னேன்: "வரும் கண்ணு. உடம்பு நல்லா வளருதுன்னு அர்த்தம்." பிடித்திருந்த என் விரலை அப்போதுதான் விட்டாள்.

அவனுக்கு யார் சொல்வது? மருமகளுக்குச் சீர் சுமந்து வருகிற மாமன், மருமகனின் தோளில் கைபோட்டுக் கொஞ்ச தூரம் நடக்கலாம். அந்தச் சீருக்கு மேளம் வேண்டாம். ஒரு சாயங்காலம் போதும்.