நாள் கடந்த தலைப்பிரசவம்: காத்திருப்பதா, வலியை வரவழைப்பதா?

"பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளை" என்று சொல்வது நம் வழக்கு. நாட்காட்டியைப் பார்த்தால் ஒன்பது மாதமும் சில நாட்களுமே ஆகின்றன. பத்து எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்பதுண்டு. மாதத்துக்கு 28 நாள் என்று கொண்டால் பத்து மாதம் என்பது 280 நாள், அதாவது சரியாக 40 வாரம். மருத்துவர்கள் கணக்கிடுவதும் இதே 280 நாளைத்தான்.

அந்த 280 நாளும் முடிந்துவிட்டன, வலி வரவில்லை. கால் வீங்கியிருக்கிறது. இடுப்பு வலிக்கிறது. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் உறக்கம் இல்லை. நெஞ்சு கரிக்கிறது. "இன்னும் ஆகவில்லையா?" என்று விசாரிப்பவர்கள் வேறு. "வலி வருவதற்கு மருந்து கொடுத்துவிடலாமா?" என்று டாக்டர் கேட்கிறார். "தானாக வலி வருவதுதான் நல்லது, மருந்து கொடுத்தால் கடைசியில் ஆபரேஷனில்தான் முடியும்" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். இந்த நிலையில் இருப்பது உங்கள் மகளாகவோ தங்கையாகவோ இருக்கலாம்; நீங்களாகவே கூட இருக்கலாம். யார் சொல்வதைக் கேட்பது? விஞ்ஞானம் இதுபற்றி என்ன கூறுகின்றது என்று பார்ப்போம்.

தேதி எப்படிக் கிடைத்தது?

முதலில் அந்தத் தேதியையே சோதித்துப் பார்க்கவேண்டும். ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் பேராசிரியராக இருந்த நேகலே என்னும் மருத்துவர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் எளிய விதியைப் பரப்பினார். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து மூன்று மாதம் பின்னுக்குச் சென்று ஏழு நாளைக் கூட்டவேண்டும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. இன்றும் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதப்படும் தேதி இவ்வாறு கிடைப்பதுதான்.

ஆனால் இவ்விதி, மாதவிலக்கு 28 நாளுக்கு ஒரு முறை வருகின்றது என்றும், 14-ஆம் நாளில் கருமுட்டை வெளியாகின்றது என்றும் வைத்துக்கொள்கின்றது. ஒருவருக்கு 35 நாளுக்கு ஒரு முறைதான் மாதவிலக்கு வரும் என்றால் கருமுட்டை ஏறக்குறைய ஒரு வாரம் தாமதமாகவே வெளியாகும். சீட்டின்படி அவருக்கு ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது. உண்மையில் அன்றுதான் அவருக்கு நாள் நிறைகின்றது! ஆகவே கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் எடுத்த ஸ்கேன் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போது எல்லாக் கருக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், அதன் நீளத்தைக் கொண்டு வயதை ஒரு வாரத்துக்கும் குறைவான பிழையோடு சொல்லிவிடலாம். ஒன்பதாம் மாத ஸ்கேனில் இது இயலாது. அப்போது ஒரு குழந்தை பருமனாகவும் இன்னொன்று சிறியதாகவும் இருக்கும். அதை வைத்து நாளைக் கணக்கிட்டால் தவறிவிடும்.

சரியாகக் கணித்த தேதியில்கூட நூற்றுக்கு நாலைந்து குழந்தைகளே பிறக்கின்றன. எனவே 40 வாரம் தாண்டிய மறுநாளே "நாள் கடந்துவிட்டது" என்று அஞ்சவேண்டியதில்லை. 39 வாரம் முதல் 40 வாரமும் 6 நாளும் வரை முழுக் காலம். 41-ஆவது வாரம் நிறைந்தபின் தாமதமான காலம். 42 வாரம் நிறைந்துவிட்டால்தான் காலம் கடந்த கர்ப்பம் என்பது மருத்துவர்கள் வகுத்துள்ள பிரிவு.

காத்திருப்பதில் என்ன கேடு?

குழந்தைக்கு உணவும் பிராணவாயுவும் நஞ்சுக்கொடி வழியாகவே செல்கின்றன. இந்த உறுப்பு ஒரு குறிப்பிட்ட காலத்துக்கென்றே அமைந்தது. காலம் நீள நீள அதன் திறன் குறையலாம். குழந்தையைச் சுற்றியுள்ள பனிக்குட நீர் வற்றலாம். குழந்தை உள்ளேயே மலம் கழித்து, அது கலந்த நீரை மூச்சோடு இழுத்துவிடலாம். சில குழந்தைகள் மிகப் பெரியவையாக வளர்ந்து, தோள் வெளிவரச் சிரமப்படும்.

இவை பெரும்பாலோருக்கு நேர்வதில்லை. ஆயினும் 41 வாரத்துக்குப் பிறகு, குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து, முதலில் மிகச் சிறியதாக இருந்தாலும், வாரத்துக்கு வாரம் கூடுகின்றது என்பதில் ஐயமில்லை.

ஸ்வீடனில் பாதியில் நின்ற ஆய்வு

2016-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் 14 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. வேறு நோயொன்றும் இல்லாத, 41 வாரம் நிறைந்த கர்ப்பிணிகள் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு உடனே வலி வரவழைக்கப்பட்டது. மற்றவர்கள் 42 வாரம் வரை காத்திருந்தனர். பத்தாயிரம் பேரைச் சேர்ப்பது திட்டம். ஆனால் 2,760 பேர் சேர்ந்திருந்த நிலையில், 2018 அக்டோபரில் ஆய்வு நிறுத்தப்பட்டது. காரணம், காத்திருந்த 1,379 பேரின் குழந்தைகளில் ஆறு இறந்துவிட்டன. ஐந்து வயிற்றிலேயே, ஒன்று பிறந்தபின். வலி வரவழைக்கப்பட்ட 1,381 பேரில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. இனியும் பெண்களைக் காத்திருக்கச் சொல்வது முறையன்று என்று முடிவு செய்தனர்.

இந்த எண்களை நிதானமாகப் பார்க்கவேண்டும். காத்திருந்தவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 995 பேர் உயிருள்ள குழந்தையோடுதான் வீடு திரும்பினர். இதையொத்த 34 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2020-இல் வெளியான தொகுப்பின்படி, ஒரு குழந்தையின் மரணத்தைத் தவிர்க்க ஏறத்தாழ 544 பேருக்கு வலி வரவழைக்கவேண்டியிருக்கும். 544-இல் ஒன்று என்பது சிறிய எண்தான். ஆனால் அந்த ஒன்று யார் வீட்டுக் குழந்தை என்று முன்கூட்டி யாராலும் சொல்ல இயலாது. உலக சுகாதார நிறுவனம் 41 வாரம் நிறைந்தது உறுதியானால் வலி வரவழைக்கலாம் என்று பரிந்துரைப்பது இதனால்தான். வேறு கோளாறு இல்லாதவர்களுக்கு அதற்கு முன் அது பரிந்துரைக்கவில்லை.

ஆபரேஷனில் முடியுமா?

பெரியவர்களின் அச்சம் காரணமற்றதன்று. வலி வரவழைக்கப்பட்டவர்களில் சிசேரியன் ஆனவர்களைப் பலரும் கண்டிருக்கிறார்கள். முற்கால ஆய்வுகளும் அவ்வாறே கூறின. ஆனால் அவற்றில் ஒரு பிழை இருந்தது. வலி வரவழைக்கப்பட்டவர்களை, அதே நாளில் தானாக வலி கண்டவர்களோடு ஒப்பிட்டார்கள். இன்று நமக்கு முன்னுள்ள தேர்வு அதுவா? "இன்று தானாக வலி வரட்டும்" என்று யாராலும் தேர்ந்தெடுக்க முடியாது. இன்று மருந்து, அல்லது இன்னும் காத்திருத்தல், இவ்விரண்டையும்தான் ஒப்பிடவேண்டும். காத்திருப்பவர்களில் சிலருக்கு நல்ல வலி வரும். சிலருக்கு நீர் வற்றும், இரத்த அழுத்தம் ஏறும், குழந்தை பெரிதாகும். அவர்களும் சிசேரியனுக்குத்தான் போவார்கள்.

சரியானபடி ஒப்பிட்டபோது கணக்கு மாறிற்று. அமெரிக்காவில் தலைப்பிரசவப் பெண்கள் 6,106 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், 39-ஆவது வாரத்தில் வலி வரவழைத்தவர்களில் 100-க்கு 18.6 பேருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 பேருக்கும் சிசேரியன் நடந்தது. ஸ்வீடன் ஆய்வில் முறையே 10.4, 10.7; ஏறக்குறைய சமம்.

ஒன்றை மறக்கக்கூடாது. அந்த மருத்துவமனைகளில் பொறுமை இருந்தது. முதல் பிரசவத்தில் வலி முறையாகத் தொடங்கவே ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். மாலைக்குள் பிறக்கவில்லை என்று கத்தியை எடுக்கும் இடத்தில் இந்த எண்கள் பொருந்தா.

கதவு கனிந்திருக்கிறதா?

கருப்பையின் வாய், ஒன்பது மாதமும் குழந்தை வெளிவராமல் காக்கும் இறுகிய கதவு. கனியாத நிலையில் அதைத் தொட்டால் மூக்கின் நுனிபோல் விறைப்பாக இருக்கும். பிரசவம் நெருங்கும்போது உதடுபோல் மென்மையாகும். எட்வர்ட் பிஷப் என்னும் அமெரிக்க மருத்துவர் 1964-இல் இதற்கு மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தார். வாய் எவ்வளவு திறந்துள்ளது, எவ்வளவு மெலிந்துள்ளது, எவ்வளவு மென்மை, முன்பக்கம் உள்ளதா பின்பக்கமா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியுள்ளது என்ற ஐந்துக்கும் சேர்த்து மொத்தம் 13 மதிப்பெண். எட்டுக்கு மேல் இருந்தால் வலி எளிதில் வரும். ஆறும் அதற்குக் கீழும் என்றால் முதலில் வாயைக் கனியவைக்கவேண்டும்.

கனியவைக்கப் பல வழிகள் உண்டு. புராஸ்டகிளாண்டின் என்பது உடலே சுரக்கும் ஒரு பொருள். அதை ஜெல்லாகக் கருப்பை வாயருகே வைப்பர். அதே இனத்தைச் சேர்ந்த மிசோபுராஸ்டால் மாத்திரை, முதலில் வயிற்றுப் புண்ணுக்கெனச் செய்யப்பட்டது. அதில் 25 மைக்ரோகிராம் என்ற மிகச் சிறு அளவே இதற்குப் போதும். அளவு மிஞ்சினால் ஆபத்து. மருந்தே இல்லாத வழியும் உண்டு. மெல்லிய ரப்பர்க் குழாயின் நுனியிலுள்ள பலூனைக் கருப்பை வாய்க்குள் செலுத்தி நீரால் நிரப்புவர். அது அழுத்தி அழுத்தி வாயைத் திறக்கும்.

அதன் பின்னரே பனிக்குடத்தை உடைத்தலும், ஆக்ஸிடோசின் சொட்டு மருந்தும். மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆற்றல் உண்டென்று 1906-இல் ஹென்றி டேல் கண்டறிந்தார். ஒன்பது அமினோ அமிலங்களாலான அந்த ஹார்மோனை 1953-இல் செயற்கையாக உருவாக்கினார் வின்சென்ட் டு விக்னோ. 1955-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கனியாத வாயிருக்க இம்மருந்தை மட்டும் ஏற்றுவது, தாழிட்ட கதவைத் தோளால் இடிப்பது போன்றது. தாய்க்குத் துன்பம்; கதவு திறப்பது அரிது.

இந்த மருந்துகள் கருப்பையை அளவுக்கு மீறிச் சுருக்கவும் கூடும். பத்து நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் வலி வந்தால் குழந்தைக்குப் பிராணவாயு குறையும். ஆகவே குழந்தையின் இதயத் துடிப்பை இடைவிடாது கவனிக்க ஆளும், அவசரமானால் ஆபரேஷன் செய்ய வசதியும் உள்ள இடத்திலேயே இதைச் செய்யவேண்டும். நஞ்சுக்கொடி வாயை மறைத்திருந்தாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ செய்யவே கூடாது.

அசௌகரியம் மட்டும் காரணமாகுமா?

தாங்க முடியாத அலுப்பைச் "சும்மா பொறுத்துக்கொள்" என்று தள்ளிவிடுவது நியாயமன்று. தாயின் துன்பமும் ஒரு காரணமே. நாள் உறுதியாகி, வாய் கனிந்து, வசதியும் இருந்தால் டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். வாய் கனியாமல், 40 வாரமும் இரண்டு மூன்று நாளுமே ஆகியிருந்தால், சில நாள் பொறுப்பதில் லாபமுண்டு. பலருக்கு அதற்குள் தானாகவே வலி வந்துவிடும். டாக்டர் விரலால் பனிக்குடச் சவ்வைக் கருப்பைச் சுவரிலிருந்து மெல்லப் பிரித்துவிட்டால் அந்த வாய்ப்பு கூடும். அப்போது சற்று வலியும் சிறிது இரத்தக் கசிவும் இருக்கலாம்.

விளக்கெண்ணெய் குடிப்பது வேண்டாம். வாந்தியும் பேதியும் வந்து, பிரசவத்துக்கு வேண்டிய தெம்பு போய்விடும். சூட்டு வலிக்குச் சீரகக் கஷாயம் கொடுப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் அது பிரசவ வலியைக் கொண்டுவராது. நல்ல நட்சத்திரம் வேண்டுமென்று நாளை முன்னே இழுப்பதும் பின்னே தள்ளுவதும் மருத்துவக் காரணமாகா.

முடிவு செய்யுமுன் டாக்டரிடம் கேட்கவேண்டியவை ஐந்து. என் நாள் எந்த ஸ்கேனைக் கொண்டு கணக்கிடப்பட்டது? இன்று எத்தனை வாரம், எத்தனை நாள்? கருப்பை வாய் கனிந்திருக்கிறதா? எந்த முறையில் வலி வரவழைப்பீர்கள், எவ்வளவு நேரம் பொறுப்பீர்கள்? காத்திருந்தால் குழந்தையின் துடிப்பையும் பனிக்குட நீரையும் எப்போது சோதிப்பீர்கள்?

காத்திருக்கும் நாட்களில் குழந்தையின் அசைவைக் கவனியுங்கள். அசைவு குறைந்தாலும், நீர் கசிந்தாலும், இரத்தம் பட்டாலும், கடும் தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ கண்டாலும் மறுநாள் வரை பொறுக்கவேண்டாம். இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். அப்போது 40 வாரமா 41 வாரமா என்ற கணக்கு வேண்டியதில்லை.

இவை ஒன்றும் இல்லையென்றால், 41 வாரம் வரை நம்பிக்கையோடு காத்திருக்கலாம். 41 நிறைந்துவிட்டால், அதற்கு மேலும் காத்திருப்பதற்கு நல்ல காரணம் இருக்கவேண்டும். வலியை வரவழைப்பதற்குக் காரணம் ஏற்கெனவே இருக்கிறது. முடிவைச் சொல்லவேண்டியவர் சுமக்கும் தாய். அவருக்கு இந்த எண்களைத் தெளிவாகச் சொல்லி, அவர் சொல்வதைக் கேட்பது டாக்டரின் கடமை. வீட்டாரின் கடமையும் அதுவே.